எல்.ஓ.ஆர். கேட்கப் போறீங்களா?

மூணாவது வருஷத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஃபைனல் இயர் மக்கள் படிச்சா கொஞ்சம் வயித்தெரிச்சல் வரும். எனக்கு வந்துச்சு.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க அப்ளை பண்ணும்போது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். கடிதத்தை நீங்க கையில வாங்கி அனுப்ப முடியாது. விண்ணப்பத்துல பேராசிரியரோட பெயரும் மெயில் ஐடியும் கொடுக்கணும். அவருக்கு ஒரு லிங்க் போகும், அவரே அப்லோட் பண்ணணும். கல்லூரி மெயில் ஐடியையே கொடுங்க. ஜிமெயில் ஐடியைப் பார்த்தா அங்கே சந்தேகம் வரும்.

அதே பக்கத்துல, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீங்களான்னு ஒரு கேள்வி இருக்கும். 1974-ல் வந்த ஃபெர்பா சட்டத்தால் வந்த கேள்வி அது. அங்கே சேர்ந்த மாணவர் தன் ஃபைலைப் பார்க்கலாம்னு அந்தச் சட்டம் சொல்லுது. விட்டுக்கொடுக்கிறேன்னு டிக் பண்ணிடுங்க. நீங்க பார்க்க மாட்டீங்கன்னு தெரிஞ்சாதான் படிக்கிறவங்க அந்தக் கடிதத்தை நம்புவாங்க.

சரி, யார்கிட்ட கேட்கிறது? நான் முதல்ல போனது துறைத் தலைவர்கிட்ட. பெரிய பதவி, பெரிய வெயிட்டுன்னு ஒரு நினைப்பு. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காம, "நீயே எழுதி எடுத்துட்டு வாப்பா, நான் போட்டுடறேன்"னார். என் ரெண்டு நண்பர்களுக்கும் இதே பதில். ராத்திரி ஹாஸ்டல்ல மூணு பேரும் உட்கார்ந்து எழுதினோம். காலையில் ஒப்பிட்டுப் பார்த்தா மூணும் ஒரே வரியில் ஆரம்பிக்குது! எல்லாரும் ஒரே சாம்பிளைப் பார்த்திருக்கோம். மூணு பேரும் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, அனுப்பல. விண்ணப்பதாரரே எழுதின கடிதம் கூடாதுன்னு சில இடங்கள் வெளிப்படையாவே சொல்லுது. கண்டுபிடிச்சா அட்மிஷனே போகும்.

அப்புறம் லேப் எடுத்த மேடத்துகிட்ட போனேன். பெரிய பதவியில இல்ல. ஆனா, "ரெண்டு வாரம் ஆஸிலேட்டர் ஓடாம, லேப் முடிஞ்சும் உட்கார்ந்திருந்து, கடைசியில பிரெட்போர்டுல லூஸ் காண்டாக்ட்டைக் கண்டுபிடிச்சியே, நீதானே?"ன்னு கேட்டாங்க. எனக்கே மறந்து போன விஷயம். இதை எந்த சாம்பிள்ல இருந்து எடுக்க முடியும்?

எழுதித் தரச் சொன்னா, கடிதத்துக்குப் பதிலா ஒரு பக்கக் குறிப்பு கொடுங்க. அவங்ககிட்ட எந்த செமஸ்டர்ல என்ன பேப்பர் படிச்சீங்க, ப்ராஜெக்ட்ல நீங்க செஞ்ச பகுதி எது, எங்கே சொதப்பினீங்க, எப்படிச் சரி பண்ணீங்க. கூடவே ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி., காலேஜ் லிஸ்ட், டெட்லைன். அதை வச்சு அவங்க சொந்த வார்த்தையில எழுதிக்குவாங்க. எத்தனை இடத்துக்கு அனுப்ப முடியும்னு முன்னாடியே கேட்டுடுங்க. ஒவ்வொரு போர்ட்டல்லயும் தனி ஃபார்ம், தனிக் கேள்விகள். பத்து காலேஜ்னா பாவம் அவங்க.

செப்டம்பர்லயே கேட்கணும். நிறைய டெட்லைன் டிசம்பர்ல வரும். நவம்பர், டிசம்பர்ல நமக்கு செமஸ்டர் பரீட்சை, அவங்களுக்கு பேப்பர் வேல்யுவேஷன். நான் நவம்பர்ல போய் நின்னேன். லிங்க் வேற ஸ்பேம்ல கிடந்துச்சு. கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேடம் வீட்ல இருந்து அப்லோட் பண்ணாங்க.

யாராவது தயங்கினா வற்புறுத்தாதீங்க. அரைமனசா எழுதின கடிதம் அப்படியே தெரிஞ்சுடும். எழுதிக் கொடுத்தவங்களுக்கு ரிசல்ட் என்னன்னு சொல்லுங்க, ரிஜெக்ட் ஆனாலும். எனக்கு இதுவரை ரெண்டு ரிஜெக்ட். ஸ்டாஃப் ரூம்ல போய்ச் சொன்னேன். திருத்திக்கிட்டிருந்த ரெக்கார்டு நோட்டை மூடாமலே மேடம் கேட்டாங்க: "இன்னும் நாலு இருக்குல்ல?"