சீசன் சிப்ஸும் ஏரி இறாலும்

சுண்ணாம்புக்குளத்துச் சுட்டிகளே!

கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்களைப் பார்த்து, "போன தடவை புதுசா ஒரு ருசி வந்துச்சே, அது ஏன் இப்ப காணோம்?" என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் கையைக் கொடுங்கள். அது நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு ஜப்பான்வரை போய்விட்டு நம் பழவேற்காடு ஏரிக்கே வந்து சேரலாம், வாருங்கள்.

ஜப்பானில் தெருமுனைக்குத் தெருமுனை ஒரு சின்னக் கடை இருக்கும். பெரும்பாலும் இரவு பகல் மூடவே மாட்டார்கள். 'கொன்பினி' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். செவன் இலெவன் நிறுவனத்தின் முதல் ஜப்பான் கடை 1974-இல் டோக்கியோவில் திறந்தது. இன்று அந்த நாடு முழுக்க இப்படி 50,000-க்கும் மேற்பட்ட கடைகள்.

அந்தக் கடைகளில் வாரந்தோறும் புதுத் தின்பண்டம் வரும். இளவேனிலில் செர்ரிப் பூ வாசனை. இலையுதிர் காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. "இந்தப் பருவத்துக்கு மட்டும்" என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பருவம் முடிந்தால் அதுவும் போய்விடும். 2017-இல் கல்பீ என்ற நிறுவனம் இன்னொரு வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் 47 மாகாணங்களுக்கும் அந்தந்த ஊர்ச் சுவையில் சிப்ஸ். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. நம் ஏரிக்கரைக்கென்று ஒரு சிப்ஸ் செய்தால் அதில் எந்தச் சுவையைப் போடுவீர்கள்?

உடனே "எறா!" என்று கத்துவீர்கள், தெரியும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு சுவையைப் பொட்டலத்துக்குள் போடவேண்டுமென்றால், சுவை என்பது என்ன என்று முதலில் தெரியவேண்டும்.

ஒரு சோதனை செய்வோமா? மசாலா சிப்ஸ் ஒன்றை எடுங்கள். மூக்கை இரண்டு விரலால் மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடி மெதுவாக மெல்லுங்கள். உப்புத் தெரியும். புளிப்புத் தெரியும். என்ன மசாலா என்று மட்டும் தெரியாது. இப்போது விரலை எடுங்கள். அடேயப்பா, மசாலா வந்துவிட்டது! மெல்லும்போது கிளம்பும் வாசனை தொண்டைக்குப் பின்பக்கமாக மேலேறி மூக்குக்குள் போகிறது. நாக்கு ருசிக்கிறது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கு செய்யும் வேலை. பார்த்தீர்களா?

பள்ளியில் அறுசுவை படித்திருப்பீர்கள். அதில் காரத்தை உணர்வது சூட்டையும் வலியையும் சொல்லும் நரம்புகள். துவர்ப்பு, வாய் வறண்டு இழுக்கிற உணர்வு. நாக்கின் சுவை மொட்டுகள் நன்றாக அறிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு.

அந்த ஐந்தாவதைக் கண்டு சொன்னவர் டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகேடா. வருஷம் 1908. கொம்பு என்கிற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாறு ஏன் இவ்வளவு ருசியாக இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். உங்களைப் போலவே அவரும் கேள்வியை விடவில்லை. 12 கிலோ கடற்பாசியிலிருந்து 30 கிராம் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் குளூட்டமேட். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். உங்கள் அம்மா வைக்கும் மீன் குழம்பில் புளிப்பையும் காரத்தையும் தாண்டி, வாய் முழுக்க நிறைந்து நிற்கும் ஒரு ருசி உண்டல்லவா? அதுவேதான்.

அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா 1913-இல் கருவாட்டைக் கையில் எடுத்தார். ஜப்பானில் சூரை மீனைப் புகையூட்டிக் காயவைத்துக் கட்டைபோல ஆக்குவார்கள். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் கிடைக்கும் மாசிக் கருவாடு அதற்கு நெருங்கிய சொந்தம். அதிலிருந்து அவர் கண்டது இனோசினேட். பிறகு 1957-இல் அகிரா குனினாகா காளானின் ருசிக்குக் காரணமான குவானிலேட்டை அடையாளம் காட்டினார். இவற்றில் ஒன்றைக் குளூட்டமேட்டோடு சேர்த்தால் ருசி பல மடங்கு ஏறுவதையும் கண்டார்.

ஏன் ஏறுகிறது? உங்கள் பள்ளியில் மின்சார மணி இருக்கிறதல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குளூட்டமேட் நாக்கின் மணிப் பொத்தானை அழுத்துகிறது. இனோசினேட் அந்தப் பொத்தான் சட்டென்று மேலே வராமல் பிடித்துக்கொள்கிறது. மணி அதிக நேரம் அடிக்கிறது. அவ்வளவுதான். தக்காளியில் குளூட்டமேட் உண்டு. மீனில் இனோசினேட் உண்டு. மீன் குழம்பில் தக்காளி போட்ட நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்கை நாக்காலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள்!

சிப்ஸ் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பல மசாலா சிப்ஸ்களில் 627, 631 என்ற எண்கள் இருக்கும். 627 என்பது குனினாகா சொன்ன குவானிலேட். 631 என்பது கொடாமா கண்ட இனோசினேட். நூறு வருஷத்துக்கும் மேலான ஜப்பான் அறிவியல் உங்கள் கையில் இருக்கிறது, கண்ணுகளா.

இனி நம் இறாலுக்கு வருவோம். ஜப்பானில் கல்பீ 1964-இலிருந்தே இறாலை ஓட்டோடு அரைத்துச் சேர்த்து, 'கப்பா எபிசென்' என்ற மொறுமொறு பண்டம் செய்கிறது. ஆனால் நம் ஏரி இறாலிடம் வேறொரு விஷயம் இருக்கிறது.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சில்கா முதலாவது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நம் ஏரிக்கு நல்ல நீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியில் உப்புக் குறையும். கோடையில் வெயில் நீரை உறிஞ்ச, உப்பு ஏறிக்கொண்டே போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் ஏரியின் சில இடங்கள் அதையும் மிஞ்சிவிடும்.

அப்போது இறால் என்ன செய்யும்? ஊறுகாய்க்கு வெட்டிய மாங்காயில் உப்புப் போட்டதும் தண்ணீர் விடுகிறதே, வெளியே உப்பு கூடினால் இறாலின் உடம்புச் செல்களும் அப்படி நீரை இழக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, இறால் தன் செல்களுக்குள் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கிறது. உள்ளேயும் வெளியேயும் சமமானால் நீர் வெளியே போகாது. புரிகிறதா? இல்லையென்றால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள், அவசரமே இல்லை.

இந்தக் கிளைசின் இனிப்பானது! இறாலைக் கடித்தால் லேசான இனிப்புத் தெரிகிறதே, அதற்கு இது முக்கியக் காரணம். உப்பு மிகுந்த நீரில் வளர்ந்த இறாலில் இந்த அமிலங்கள் அதிகம், இனிப்பும் அதிகம். மழைக்குப் பிறகு நீரில் உப்புக் குறைந்தால் இறால் அவற்றைக் குறைத்துக்கொள்ளும்.

ஜப்பான் கடைக்காரர்கள் யோசித்து யோசித்துப் பருவச் சுவை தயாரிக்கிறார்கள். நம் ஏரி அதைத் தானாகவே செய்கிறது. ஆகவே நம் ஊர் சிப்ஸுக்கு ஒரு சுவை போதாது. கார்த்திகைக்கு ஒன்று, வைகாசிக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சரியா என்று நீங்களே பாருங்கள். இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் குறிப்பு மட்டும் எழுதினால் போதும். மற்றவர்கள் அம்மாவிடம் கேட்டு, குழம்புக்கு எடுத்த ஏரி இறாலில் இரண்டை மட்டும் உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. ஒரே வகை இறாலாக, ஒரே அளவாக இருக்கட்டும். தேதி, வலை போட்ட இடம், அந்த வாரம் மழை பெய்ததா என்பதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். இனிப்புக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடுங்கள். கூட்டாளிகளோடு செய்தால், எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் யாருடைய மதிப்பெண்ணையும் எட்டிப் பார்க்கக் கூடாது.