கான்பூருக்கு வந்த கணக்கு யந்திரம்

வீடு கட்டுகிறவர்கள் முதலில் அஸ்திவாரம் போடுவார்கள். பிறகு சுவர் எழுப்புவார்கள். கையில் பணம் மிஞ்சினால் மாடியைப் பற்றி யோசிப்பார்கள். நம் தேசத்தில் கம்ப்யூட்டர் கல்வி என்னும் வீட்டைக் கட்டியவர்களோ முதலில் மாடியைக் கட்டினார்கள். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.டெக். மாணாக்கர்கள் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தை விசேஷப் பாடமாக எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியது 1965-ம் வருஷத்தில். அதற்குக் கீழ்ப்படியான பி.டெக். வகுப்பு அதே கழகத்தில் ஏற்பட்டது 1978-ல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்து வைக்க மத்திய சர்க்கார் திட்டம் வகுத்தது 1984-ல். ஆக, மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி வந்த கல்வி இது.

இந்தத் தலைகீழ்க் காரியம் அவசரத்தால் நேர்ந்ததல்ல. நன்றாக ஆலோசித்தே செய்யப்பட்டது. "பி.இ. படித்தவுடனே வேலை காத்திருக்கும்போது, மேலே இரண்டு வருஷம் எதற்கு?" என்ற கேள்வி இப்போது வீட்டுக்கு வீடு கேட்கப்படுகிறது. ஆகையால் அந்த ஆலோசனை என்னவென்று நேயர்களுக்கு எடுத்துச் சொல்வது பிரயோஜனமுள்ள காரியமென்று நினைக்கிறோம்.

கான்பூருக்கு முன்பே நம் தேசத்தில் கம்ப்யூட்டர் இல்லாமற் போகவில்லை. கல்கத்தாவில் மஹலனோபிஸ் ஸ்தாபித்த புள்ளிவிவரக் கழகத்தார் 1955-ல் இங்கிலாந்திலிருந்து ஒன்றைத் தருவித்தார்கள். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஒருபடி மேலே போய், அன்னிய நாட்டிலிருந்து வாங்காமல், சொந்தமாகவே ஒன்றைக் கட்டி 1960-ல் ஓட்டிக் காட்டினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஆர். நரசிம்மன். சென்னையிலே பிறந்து கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலே படித்தவர். அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று 1954-ல் பம்பாய் வந்து சேர்ந்தவர். அந்த யந்திரத்துக்கு "டிஃப்ராக்" என்று 1962-ல் நாமகரணம் செய்தவர் நேருஜி. இவையெல்லாம் ஆராய்ச்சி நிலையங்கள். அங்கே யந்திரம் இருந்தது, மேதைகள் இருந்தார்கள். ஆனால் வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போவதற்கான வகுப்பு இல்லை. யந்திரத்தை வகுப்புக்குள் கொண்டு வந்து நிறுத்திய பெருமை கான்பூரையே சேரும்.

கான்பூர்க் கழகம் 1959-ல் தோன்றியபோது அதற்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. ஊரிலிருந்த வேறொரு தொழிற்கல்வி நிலையத்தில் இரவல் இடம் பெற்று ஆரம்பித்தார்கள். தலைவராக வந்தவர் பி.கே. கேல்கர். 1962 முதல் பத்து வருஷம் அமெரிக்காவின் ஒன்பது கல்வி நிலையங்கள் சேர்ந்து இக்கழகத்துக்கு உதவி செய்தன. அந்த உதவியில் ஒரு பாகமாகத்தான் 1963 ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கம்ப்யூட்டர் ஆகாய மார்க்கமாக வந்து இறங்கியது. அதனுடன் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் ஹாரி ஹஸ்கி. உலகப் பிரசித்தி பெற்ற "எனியாக்" யந்திரத்தில் வேலை செய்தவர். இங்கிலாந்தில் ஆலன் டூரிங்குடன் 1947-ல் பணியாற்றியவர். அப்பேர்ப்பட்டவர் கங்கைக்கரை நகரத்து உஷ்ணத்தில் உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த 1620 யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசையாயிருக்கிறது. அதன் அடிப்படை ஞாபக சக்தி 20,000 இலக்கங்கள். ஒரு எழுத்தை வைக்க இரண்டு இலக்க இடம் வேண்டும். அதாவது, நேயர்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை முழுவதையும் அதற்குள் அடைப்பதற்கே திண்டாட்டமாயிருக்கும்! இன்னொரு வேடிக்கை: இந்த வகையின் முதல் மாதிரிக்குச் சொந்தமாகக் கூட்டத் தெரியாது. நமது திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எண்சுவடியை உருப்போட்டுக்கொண்டு "ஏழும் எட்டும் பதினைந்து" என்று ஒப்பித்தார்களே, அதே மாதிரி இந்த யந்திரமும் கூட்டல் வாய்ப்பாட்டையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் ஞாபகத்தின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் விடை சொல்லும். வாய்ப்பாட்டை யாராவது மாற்றி எழுதிவிட்டால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று கூசாமல் சொல்லும். அமெரிக்க என்ஜினீயர்கள் இதற்கு "கூட்டத் தெரியாது, முயற்சிகூடச் செய்யாது" என்று பரிகாசப் பெயர் வைத்திருந்தார்கள்.

யந்திரத்துக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அட்டைகளில் துளையிட்டே சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஒரு அட்டை; அட்டைக்கு எண்பது கட்டம். ஒரு காற்புள்ளி விட்டுப் போயிற்றென்றால் மறுபடி அட்டை குத்தி, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி யந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். இதனால் ஒரு நன்மை உண்டாயிற்று. மாணாக்கர்கள் யந்திரத்தின் முன் உட்காருவதற்கு முன்பே காகிதத்தின் முன் உட்கார்ந்து யோசிக்கப் பழகினார்கள். பார்க்கப்போனால், கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் யந்திரத்தின் பங்கைவிட யோசனையின் பங்குதான் அதிகம்.

இந்தச் சமயத்தில்தான், அதே 1963-ம் வருஷம், முப்பது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர் கான்பூரில் மின்சார என்ஜினீயரிங் துறையின் உதவிப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவர்தான் வி. ராஜாராமன். 1933-ல் ஈரோட்டிலே பிறந்து டில்லியிலே வளர்ந்த தமிழர். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பயின்றபோது, விஸ்கான்ஸின் சர்வகலாசாலையிலிருந்து வந்திருந்த ரைட்அவுட் என்னும் பேராசிரியரின் கீழ்க் கணக்கிடும் மின்கருவிகளைக் கட்டிப் பழகியவர். பிறகு அமெரிக்கா சென்று எம்.ஐ.டி.யில் ஒரு பட்டமும், விஸ்கான்ஸினில் 1961-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்த நாளில் இந்தத் தகுதியுள்ளவருக்கு அமெரிக்காவில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அவரோ தாய்நாடு திரும்பி வந்தார். திரும்பி வந்தவர்கள் எல்லாரும் பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. சலித்துப்போய் மறுபடி கப்பல் ஏறியவர்களும் உண்டு. இவருக்கு அதிர்ஷ்டவசமாகக் கையருகில் ஒரு யந்திரமும், வேலை செய்ய விட்ட மேலதிகாரிகளும் வாய்த்தார்கள். துறைத் தலைவராயிருந்த எச்.கே. கேசவன் அவர்களில் முக்கியமானவர்.

வெளிக் கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தும் ஆட்களை வரவழைத்துப் பத்து நாள் வகுப்புகள் நடத்தினார்கள். அப்படி வந்தவர்கள் தத்தம் ஊர் திரும்பியதும் தாங்களும் பாடம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனால் பத்து நாளில் எவ்வளவு கற்க முடியும்? யந்திரத்தை ஓட்டக் கற்கலாம். யந்திரம் ஏன் அப்படி ஓடுகிறது என்பதைக் கற்க வருஷங்கள் வேண்டும்.

இங்கேதான் மேற்படிப்பின் அவசியம் புலப்பட்டது. அன்றைய நிலைமையில் கம்ப்யூட்டர் பி.டெக். என்று ஒரு வகுப்பை ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேசம் முழுவதிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய யந்திரங்கள். படித்து வருகிறவனுக்கு வேலை எங்கே? அதைவிடப் பெரிய கஷ்டம், பாடம் சொல்ல ஆள் எங்கே? ஏற்கெனவே மின்சாரமோ கணிதமோ நன்றாகப் படித்துத் தேறிய இருபத்திரண்டு வயது இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து, இரண்டு வருஷம் ஆழ்ந்து படிக்க வைத்தால், அவர்களே நாளைக்கு உபாத்தியாயர்களாகவும் ஆராய்ச்சியாளர்களாகவும் ஆவார்கள். உபாத்தியாயர்கள் தயாரான பிறகு மாணாக்கர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். விதை நெல்லை முதலில் விளைவித்துக்கொண்டு பிறகு வயலை விஸ்தரிப்பது குடியானவனுக்குத் தெரிந்த யுக்திதானே?

இது ஒரு தனிச் சாஸ்திரந்தானா என்ற தர்க்கமும் அப்போது பலமாக நடந்தது. கணிதத்தார் இது எங்கள் குழந்தை என்றார்கள். மின்சாரத்தார் எங்கள் வீட்டில் வளர்ந்தது என்றார்கள். வேறு சிலர் இது குழந்தையே அல்ல, வெறும் விளையாட்டுச் சாமான் என்றார்கள். 1971-ல்தான் கான்பூரில் கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கென்று சுதந்திரமாக எம்.டெக்., டாக்டர் பட்ட வகுப்புகள் ஏற்பட்டன. 1978-ல் பி.டெக். முதல் கோஷ்டியில் சேர்க்கப்பட்டவர்கள் இருபது பேர். தனி இலாகா என்ற அந்தஸ்து வந்தது 1984-ல். தகவல் தொழில்நுட்பம் என்று இப்போது அடிபடுகிற பெயரெல்லாம் அதற்குப் பின்னால் பிரபலமானதுதான்.

புஸ்தகப் பஞ்சமும் இருந்தது. அமெரிக்கப் புஸ்தகங்களின் விலை நம் மாணாக்கர்களுக்கு எட்டாது. ராஜாராமன் தம் வகுப்புக் குறிப்புகளைத் திரட்டி 1969-ல் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் முறையைப் பற்றிப் புஸ்தகமாக வெளியிட்டார். மாணாக்கன் வாங்கக்கூடிய விலையில் அது கிடைக்கவேண்டுமென்பதில் வெகு கண்டிப்பாயிருந்தார். அதன் பிறகு அவர் எழுதிய பல புஸ்தகங்கள் கான்பூரைக் கண்ணால் பார்த்திராத மூலைமுடுக்குக் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஜெர்மானிய உதவியுடன் பெரிய கம்ப்யூட்டர் வந்தது 1973-ல். பிறகு அங்கிருந்து தென்னாட்டுக்கும் இந்தக் கல்வி பரவியது.

விதை நெல் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அன்று கான்பூரில் எம்.டெக். படித்தவர்களில் நாராயண மூர்த்தி ஒருவர். 1969-ல் பட்டம் பெற்றார். 1981-ல் நண்பர்களுடன் இன்ஃபோஸிஸ் கம்பெனியை ஆரம்பித்தவர் என்பது ஊரறிந்த விஷயம். ஊரறியாத இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். கேசவ நோரி என்பவர் அங்கே எம்.டெக். படித்தவர். 1970-களில் ஸுரிச் நகரத்தில் நிக்லாஸ் விர்த்தின் கோஷ்டியில் சேர்ந்து, பாஸ்கல் என்னும் கம்ப்யூட்டர் பாஷையை எந்த யந்திரத்துக்கும் எளிதில் கொண்டுபோகும்படியான மொழிபெயர்ப்புக் கருவியை அமைத்தவர்களில் இவர் ஒருவர். அந்தப் பாஷை உலகத்துக் கல்லூரிகளிலெல்லாம் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1978-ல் ஐ.பி.எம். கம்பெனி நம் தேசத்தை விட்டு வெளியேறியது. கம்ப்யூட்டர்களைக் கட்டவும், பழுது பார்க்கவும், அவற்றுக்குக் கட்டளை எழுதவும் நம்மவர்களே வேண்டியிருந்தார்கள். என்ஜினீயரிங் பட்டதாரிகள் போதமாட்டார்கள் என்று கண்டு, பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களும் சேரக்கூடிய எம்.ஸி.ஏ. என்னும் மூன்று வருஷ மேற்படிப்பை 1980-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார்கள். அதைச் சிபாரிசு செய்த கமிட்டியின் தலைவரும் ராஜாராமன்தான். சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் உலகத்துக்குள் நுழைவதற்கு இந்த வாசல் செய்த உபகாரத்துக்கு அளவில்லை. 2020-ல் அதை இரண்டு வருஷமாகச் சுருக்கிவிட்டார்கள்.

இப்போது கீழ்த்தளத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஆயிரக்கணக்கான கல்லூரிகள், லட்சக்கணக்கான மாணாக்கர்கள். மாடியிலோ பல அறைகள் காலி. எத்தனையோ கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். ஸ்தானங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. என்ஜினீயரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராவதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டுமென்று விதி இருப்பதால், அதை ஓர் அனுமதிச் சீட்டாக நினைத்துச் சேருகிறவர்கள் ஒரு சாரார். பெயர் பெற்ற கழகத்தில் இடம் பிடித்தால் பெரிய கம்பெனிகள் அங்கே வந்து ஆள் எடுக்கும் என்று, அதை ரயில்வே ஸ்டேஷன் தங்கும் அறையாகப் பாவிக்கிறவர்கள் இன்னொரு சாரார். அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. "கேட்" பரீட்சையில் தேறி எம்.டெக். சேருகிறவனுக்குச் சர்க்கார் கொடுக்கும் உபகாரச் சம்பளம் பல வருஷங்கள் மாதம் 12,400 ரூபாயிலேயே நின்றது. உடன் படித்தவன் அதைவிட அதிகம் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும்போது, தகப்பனார் ஓய்வு பெறும் வயதில் உள்ள ஒரு பிள்ளை எத்தனை நாள் மன உறுதியுடன் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான்? டாக்டர் பட்டத்துக்கு 2018-ல் பிரதம மந்திரி பெயரில் ஏற்பட்ட உதவித் தொகை மாதம் 70,000 ரூபாயில் ஆரம்பித்தது. அது நல்ல தொகைதான். ஆனால் பொறுக்கியெடுத்த சிலருக்குத்தான். இன்றைய பி.இ. மாணாக்கர்களுக்கு முன்னால் நின்று பாடம் சொல்கிறவர்களில் எத்தனை பேர் தாங்களே ஒரு பிரச்னையுடன் வருஷக்கணக்காக மல்லாடியவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் நமக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

அப்படி மல்லாடுவதால் என்ன கிடைக்கும் என்பதற்கும் கான்பூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு எண் பகா எண்தானா என்று சோதிக்கும் கேள்வி யூக்ளிட் காலத்திலிருந்தே கணிதக்காரர்களைக் கவர்ந்து வந்தது. சின்ன எண்ணானால் வகுத்துப் பார்த்து விடலாம். நூற்றுக்கணக்கான இலக்கங்களுள்ள எண்ணானால் வகுத்துப் பார்க்க யுகங்கள் போதா. சந்தேகத்துக்கு இடமின்றியும், எண்ணின் நீளம் அதிகமானாலும் வேலை கட்டுக்கடங்காமல் போகாமலும், நிரூபிக்கப்படாத ஊகம் எதையும் நம்பாமலும் இதைச் சொல்ல ஒரு வழி உண்டா? 2002 ஆகஸ்டில் கான்பூர் பேராசிரியர் மணீந்திர அக்ரவால், நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா ஆகிய மூவரும் உண்டு என்று நிரூபித்தார்கள். இளைஞர் இருவரும் அந்த வருஷந்தான் பி.டெக். முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், அங்கேயே டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தார்கள். நிரூபணம் சில பக்கங்களே; கல்லூரிக் கணிதம் தெரிந்தவர்கள் பின்பற்றக்கூடிய அளவு எளிமையானது. உலகத்து நிபுணர்கள் ஆச்சரியத்தால் பிரமித்துப் போனார்கள். 2006-ல் அவர்களுக்குக் கோடல் பரிசு கிடைத்தது.

சக்ஸேனா டாக்டர் பட்டம் பெற்றபின் சில காலம் ஐரோப்பாவில் ஆராய்ச்சி செய்தார். 2013-ல் கான்பூருக்குத் திரும்பி, தாம் படித்த அதே இலாகாவில் உபாத்தியாயராகச் சேர்ந்தார்.