கூட்டுரிமை வீட்டில் சூரிய மின்கூரை: மானியமும் வரிச் சலுகையும் யாருக்கு?

ஒரு வீடு ஒருவருக்கு மேற்பட்டோருக்குச் சொந்தமாக இருந்து, அது இன்னும் பாகம் பிரிக்கப்படாமல் இருந்தால் அதைக் கூட்டுரிமை வீடு என்கிறோம். அந்த வீட்டின் மொட்டை மாடியில் சோலார் தகடு பதித்தால் அரசு ஒரு தொகையை மானியமாகத் தருகிறது. கடன் வாங்கி வீட்டைச் சீர்செய்தால் வருமான வரியில் ஒரு கழிவு கிடைக்கிறது. இவை பங்காளிகளில் யாரைச் சேரும் என்பதுதான் கேள்வி.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. இங்கே அப்பா கட்டிய வீட்டில் ஒரு பிள்ளை குடியிருப்பார். ஒருவர் சென்னையில் இருப்பார். இன்னொருவர் பிரான்சில் இருப்பார். மின் கட்டண ரசீது மட்டும் பத்து வருடங்களுக்கு முன் காலமான அப்பாவின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். மானியம் மின் இணைப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வருமான வரி ஆளையும் அவர் பங்கையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. இவ்விரண்டும் ஒரே அளவுகோல் என்று நினைத்துக்கொண்டுதான் அண்ணன் தம்பிகள் சண்டையிடுகிறார்கள்.

மானியம்

'பிரதம மந்திரி சூர்ய கர்' என்னும் வீட்டுக்கூரை சூரிய மின் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு கோடி வீடுகளுக்கு இது திட்டமிடப்பட்டது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000 ரூபாய்தான்.

இது வரிச் சலுகை அன்று. வரி கட்டாத ஓய்வூதியரும் பெறலாம், கூலி வேலை செய்பவரும் பெறலாம். தேசிய இணையவாயிலில் பதிந்து, அங்கே பட்டியலிடப்பட்ட விற்பனையாளர் ஒருவரைக் கொண்டு தகடு பதித்து, நெட் மீட்டர் பொருத்தி, மின்துறை பார்வையிட்டு ஒப்புதல் கொடுத்த பின் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது. தகடுகள் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வெளிநாட்டுத் தகட்டை வாங்கினால் மின்சாரம் வரும், மானியம் வராது.

விண்ணப்பதாரர் யார் என்பதில்தான் கூட்டுரிமைக்காரர்கள் தடுமாறுகிறார்கள். திட்டத்தின் தகுதி வரிகள் எளியவை: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், தகடு பதிக்க ஏற்ற கூரையுள்ள வீடு இருக்க வேண்டும், செல்லுபடியாகும் மின் இணைப்பு இருக்க வேண்டும், முன்பு சூரியத் தகட்டுக்கு வேறு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணிலிருந்து தொடங்குகிறது. ரசீதில் உள்ள பெயர், விண்ணப்பத்தில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நான்கு பேருக்குச் சொந்தமான வீடாயினும் மானியம் நான்காகப் பிரிந்து நான்கு கணக்குக்குப் போவதில்லை. 78,000 ரூபாயும் ஒரே கணக்கில் விழும். அதற்குப் பின் பிரித்துக்கொள்வது குடும்பத்தின் பாடு.

'நான்கு பங்காளிகள், ஆகவே நான்கு மானியம்' என்ற கணக்கும் செல்லாது. கீழ்வீட்டில் அண்ணன், மாடியில் தம்பி என்று தனித்தனிக் குடும்பமாக, தனித்தனி இணைப்போடு வாழ்பவர்கள் நிலை வேறு. அவர்கள் மின்துறைக்கு இரு நுகர்வோர். ஆனால் அவர்களுக்கும் மொட்டை மாடி ஒன்றுதான். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். முதலில் போடுகிறவர் தெற்குப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டால் அடுத்தவருக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் மிஞ்சும். ஆகவே தகடு வாங்கும் முன்பே மாடியைக் கோடு கிழித்துப் பிரித்துக்கொள்வது நல்லது.

இறந்தவர் பெயரில் இருக்கும் இணைப்பு

அப்பா பெயரிலேயே ரசீது இருக்கும்போது அவர் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. மானியத்தை வாங்கிக்கொள்ள அவருக்குக் கணக்கும் இருக்காது. முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஆகியவை இதற்கு வழக்கமாகக் கேட்கப்படுகின்றன.

இந்தக் கடிதத்தில் கையெழுத்திடப் பலர் அஞ்சுகிறார்கள். 'பெயரை அவனுக்கு மாற்றிக் கொடுத்தால் வீடே அவனுக்குப் போய்விடாதா?' என்று கேட்காத அக்காமார் குறைவு. போகாது. மின் இணைப்பில் பெயர் இருப்பது நுகர்வோர் யார், கட்டணம் கட்ட வேண்டியவர் யார் என்பதை மட்டுமே காட்டும். அது சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. வீட்டில் உள்ள பங்கு, பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ பாகப்பத்திரமோ விற்பனைப் பத்திரமோ எழுதாமல் கைமாறாது. ஆனால் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும். 'மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும். வீட்டில் எனக்குள்ள பங்கு பாதிக்கப்படாது' என்ற ஒரு வரி அதில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

பங்காளிகள் யார்?

தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாக இருக்கக்கூடிய செய்தி இது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. பிரெஞ்சு இந்தியாவில் நடைமுறையிலிருந்த இந்து வழக்காற்றுச் சட்டத்தில் மகனுக்குப் பிறப்பால் சொத்துரிமை கிடையாது. தந்தை உயிரோடிருக்கும் வரை அவரே முழு உரிமையாளர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கே நீட்டிக்கப்பட்டது. அதன்படி உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் ஆகியோர் சம பங்காளிகள்.

இதற்கு விலக்கும் உண்டு. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி தம் சாதி, மத வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 815ஆம் பிரிவு, பாகம் பிரிக்காமலேயே இருக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. காரைக்காலின் முஸ்லிம் குடும்பங்களில் பங்கு ஷரீஅத் முறைப்படி அமையும். அங்கே மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. ஆகவே 'நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு மூன்றில் ஒன்று' என்று மனக்கணக்குப் போடும் முன் எந்தச் சட்டம் நமக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

குடியுரிமையும் குறுக்கிடுகிறது. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தவர்களின் வழியில் வந்த பலர் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். வீட்டில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் மானியத் திட்டம் இந்தியக் குடிமகனைக் கேட்கிறது. மின் இணைப்பு பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட அண்ணன் பெயரில் இருந்தால், அங்கே குடியிருக்கும் இந்தியக் குடியுரிமை கொண்ட தங்கை பெயருக்கு அதை மாற்றிய பின் அவர் விண்ணப்பிப்பதே வழி.

வருமான வரி

இந்தியாவில் வீட்டுச் சூரியத் தகட்டுக்கென்று தனி வரிச் சலுகை இல்லை. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 'முப்பது விழுக்காடு வரியில் கழியுமாமே' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே உள்ளது வீட்டுக் கடன் வட்டிக்கான கழிவு. சொந்தக் குடியிருப்புக்கு, வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை. பழுதுபார்க்க, புதுப்பிக்க வாங்கிய கடன் என்றால் 30,000 ரூபாய் வரை. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்குச் சொந்தக் குடியிருப்பின் வட்டிக் கழிவு கிடையாது. சூரியத் தகட்டுக்கென வங்கி தரும் கடன் இக்கழிவில் அடங்குமா என்பதைக் கடன் எதற்கென்று பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கணக்கரிடம் பத்திரத்தைக் காட்டிவிட வேண்டும்.

கூட்டுரிமைக்காரருக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பங்குகள் திட்டமாகத் தெரிந்திருந்தால் ஒவ்வொரு பங்காளியும் தனித்தனியே தன் பங்குக்குக் கணக்குக் காட்டலாம் என்றது. அதனால் வட்டிக் கழிவின் உச்சவரம்பும் ஆளுக்கு ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின. படிவம் நிரப்புகிறவர் பழைய எண்ணையே எழுதிவிடக் கூடாது. கழிவு கேட்பவர் மூன்றாகவும் இருக்க வேண்டும்: உரிமையாளர், கடன்காரர், வட்டியை உண்மையில் கட்டியவர். கடன் தம்பி பெயரில், தவணை கட்டுவது அக்கா என்றால் இருவருக்கும் சிக்கல். தம்பி கட்டவில்லை, அக்கா கடன்காரர் இல்லை. கூட்டுக் கடனாக வாங்கி, அவரவர் கணக்கிலிருந்து தவணை போவது நேரான வழி.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இருந்தது உண்மையான வரி வரவு. அதாவது வருமானத்திலிருந்து கழியாமல், கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழியும். சூரியத் தகட்டுச் செலவில் 30 விழுக்காடு. மணமாகாத இருவர் சேர்ந்து ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்து அங்கேயே குடியிருந்தால், ஒவ்வொருவரும் தாம் கொடுத்த பணத்தின் அளவுக்குத் தனித்தனிப் படிவம் கொடுப்பர். பத்திரத்தில் பாதிப் பங்கு இருந்தாலும் முழுச் செலவையும் ஒருவரே செய்திருந்தால் சலுகை அவருக்கே. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் அது 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. பிரான்சும் வரி வரவு முறையைக் கைவிட்டு 2020இல் நேரடி மானியத்துக்கு மாறியது. அங்கே பாகம் பிரியாத வீடென்றால், விண்ணப்பிக்கும் பங்காளிக்கு மற்றவர்கள் ஒப்புதல் கையெழுத்துத் தர வேண்டும். பாரிசில் இருக்கும் மச்சானுக்கு ஒப்புதல் கடிதம் என்ற யோசனை ஒன்றும் புதிதன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

குடும்பத்துக்குள் கணக்கு

சட்டம் ஒரு கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மீதியைக் குடும்பம் எழுதிக்கொள்ள வேண்டும். 3 கிலோவாட் அமைப்புக்கு 1,90,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காகச் சொன்ன தொகை, சந்தை விலையைக் கேட்டறிக. 2025 செப்டம்பர் 22 முதல் சூரியக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.) மானியம் போக 1,12,000 ரூபாய். நான்கு பங்காளிகளும் சமமாகப் போட்டால் ஆளுக்கு 28,000. ஆனால் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்றால், மாதம் 360 யூனிட் அளவுக்கு மின்சாரத்தை அனுபவிப்பவர் அங்கே குடியிருக்கும் ஒருவர்தான். சென்னையிலும் பாரிசிலும் இருப்பவர்கள் ஏன் 28,000 போட வேண்டும்?

என் கருத்தில், குடியிருப்பவரே முழுச் செலவையும் ஏற்று மானியத்தையும் தாமே வைத்துக்கொள்வது சச்சரவு குறைந்த வழி. மற்றவர்கள் மாடியைப் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் கொடுத்தால் போதும். அந்தத் தாளில் தகடும் இன்வெர்ட்டரும் செலவு செய்தவருடையவை என்றும், வீட்டை விற்கும்போது அவர் கழற்றிக்கொள்வாரா அல்லது விலையில் தனியாகப் பெறுவாரா என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால், பாகம் பிரியும் வரை வீட்டின் ஒவ்வொரு அடியிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற பொது விதிதான் முன்னால் நிற்கும். பாகப்பிரிவினை வழக்குகளில், ஒரு பகுதியை மேம்படுத்தியவருக்கே அப்பகுதியை முடிந்தவரை ஒதுக்குவது நீதிமன்ற வழக்கம். மொட்டை மாடி பொதுவாக இருக்கும் வீட்டில் அதுவும் எளிதன்று.

கடலோர ஊருக்கே உரிய செலவு ஒன்று உண்டு. உப்புக் காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் சில ஆண்டுகளில் துருவேறிவிடும்; நாகம் பூசிய சட்டம் தேவை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த கரை இது. விற்பனையாளர் ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பு. அதற்குப் பின் புயல் தூக்கிய தகட்டுக்கு, அது மோதி உடைந்த பக்கத்து வீட்டு ஓட்டுக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் சேர்க்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோத்தேரிடம் எழுதி அப்போஸ்தில் முத்திரை பெற்றோ அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதிகாரம் மின் இணைப்புக்கும் தகடு பதிப்பதற்கும் மட்டும் என்று எழுதி வாங்கினால், பத்திரம் அனுப்புகிறவரும் தயங்க மாட்டார்.