மழைக்காலமும் நம் சைக்கிளும்



மிதிவண்டி என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். வாயில் வருவதோ சைக்கிள்தான். ஆகவே இந்தப் பேச்சிலும் சைக்கிள் என்றே சொல்வோம். தோட்டத்துக் கடை வாசலில் மாலை நேரத்தில் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் சைக்கிளில் வந்து நிற்பதுண்டு. "மாமா, இந்தச் செயின் நாலு நாளைக்கு ஒருதரம் கழண்டுக்குது" என்பான் ஒருவன். "தேங்காய் எண்ணெய் விடுடா தம்பி" என்று பதில் வரும். "பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்துது அண்ணே" என்பான் இன்னொருவன். "அதுக்கும் ஒரு சொட்டு விடு, அடங்கிடும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். இந்த யோசனைகளில் சில நல்லவை. சில கைக்காசைக் கெடுப்பவை. கடைசியாகச் சொன்னதோ ஆளையே கெடுத்துவிடும். ஏன் அப்படி என்பதைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போகிற சைக்கிள்களின் வரிசையைப் பார்க்கலாம். கேரியரின் இரு பக்கமும் பால் வாளி, ஹாண்டலில் சோற்றுத் தூக்கு, சட்டைப் பையில் உளி என்று போவார்கள். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரியவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கும் கடைக்கும் பந்து விளையாடும் திடலுக்கும் பிள்ளைகளைக் கொண்டு போவது சைக்கிள்தான். அப்பா ஓட்டிய பழைய கறுப்புச் சைக்கிள் இன்னமும் சில வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கிறது.

நம் ஊரில் சைக்கிளுக்கு எதிரி ஓட்டம் அல்ல, ஈரம். ஐரோப்பாவில் பனி உருக உப்பைச் சாலையில் கொட்டுகிறார்கள். அந்த உப்பு அங்கே சைக்கிளைத் தின்கிறது. நமக்குப் பனியும் இல்லை, உப்பும் இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டுகிற மழை இருக்கிறது. அது கிளப்புகிற செம்மண் சேறும் இருக்கிறது. குவாலா கிளாவாங் இருக்கும் ஜெலுபு பள்ளத்தாக்கு, மலைகளின் மறைவில் இருப்பதால், தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடம் என்று பெயர் பெற்றது. ஆனால் அங்கும் விடியற்காலையில் புல்லும் சாலையும் பனித்துளியில் ஊறித்தான் கிடக்கும்.

குளிர் என்றால் நமக்கென்ன தெரியும், அதெல்லாம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தாருக்குத்தானே என்று கேட்கலாம். நம் சமவெளியில் விடியற்காலையில் சுமார் 23 டிகிரி இருக்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு அது சுகமான குளுமை. மழையில் நனைந்த சட்டையோடு இறக்கத்தில் சைக்கிளை விட்டால் அதே காற்று உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விரல்கள் விறைத்துக்கொள்ளும், பிரேக்கைப் பிடிக்கிற கை ஒரு நொடி தாமதிக்கும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கேரியரில் வைத்துக்கொள்வது நல்லது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனி பிரேக்குக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

பழைய சைக்கிளில் சக்கரத்தின் வளையம் இரும்பால் ஆனது. பளபளப்பாக முலாம் பூசியிருக்கும். ரப்பர் கட்டை அந்த வளையத்தை அழுத்தித்தான் வண்டி நிற்கிறது. வளையம் காய்ந்திருக்கும்போது இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். நனைந்துவிட்டால் கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நனைந்த இரும்பு வளையத்தில் கட்டையின் பிடிப்பு, காய்ந்தபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தியபடியே இருந்தும், சக்கரம் ஏறத்தாழ 30 சுற்று சுற்றிய பிறகுதான் பிடிப்புத் திரும்பத் தொடங்கியது.

நம் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழு அடிக்குச் சற்று மேல் போகும். முப்பது சுற்று என்றால் இருநூறு அடிக்கும் மேல். பிரேக்கைப் பிடித்த பிறகு, பிடித்ததே தெரியாமல் வண்டி அவ்வளவு தூரம் ஓடலாம் என்று அர்த்தம். இறக்கத்தின் அடியில் மெயின் சடக்கு குறுக்கே போகிறது. அங்கே லோரி வருகிறது. மற்றதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே மழை நாளில் செய்யவேண்டியது இது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, மெதுவாகப் போகும்போதே, இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓட்டுங்கள். கட்டை வளையத்தைத் துடைத்துக் கொடுத்துவிடும். தேவைப்படும்போது பிடி கிடைக்கும். இறக்கத்தின் நடுவில் நினைத்துக்கொண்டு பிடிப்பதில் பலன் இல்லை. செங்குத்தான சரளை மண் இறக்கமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் எதற்கு? புதுச் சைக்கிள்களில் அலுமினிய வளையம் வருகிறது. அது ஈரத்திலும் இரும்பை விட நன்றாகப் பிடிக்கும். வளையம் மாற்றவேண்டிய நிலை வந்தால் கடைக்காரரிடம் அதையே கேளுங்கள்.

ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஹாண்டலுமாகப் போவது தோட்டத்தில் பார்த்துப் பழகிய காட்சி. அப்படிப் போகிறவருக்கு இருப்பது ஒரே பிரேக். அது முன்சக்கரமா பின்சக்கரமா என்று கேட்டால் பலர் யோசிக்கிறார்கள். முன்பிரேக்கை மட்டும் செம்மண்ணில் இறுக்கினால் சக்கரம் வழுக்கி ஆள் கீழே விழுவார். எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதை இன்றே தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். குடையை மடித்துக் கேரியரில் சொருகிவிட்டு நனைந்தே போவது மேல்.

பிரேக் கத்துகிறது என்று எண்ணெய் விடுகிற விஷயத்தை இப்போது பார்ப்போம். சத்தம் நிற்கும், உண்மைதான். வண்டியும் நிற்காது. கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் கட்டையில் புதைந்த மண்ணும் இரும்புத் துகளும்தான். ஊசியால் அவற்றைக் குத்தி எடுத்துவிட்டு, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும். கட்டை தேய்ந்து இரும்புப் பிடி வளையத்தைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டால், அன்றைக்கே மாற்றவேண்டும். சக்கரத்தின் அச்சுக்கு எண்ணெய் விடும்போது அது கம்பி வழியாக வழிந்து வளையத்துக்குப் போகாமல் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால்தான் பிள்ளைகள் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹாண்டலைத் தாழ்த்தி, படுத்துக்கொண்டு ஓட்டுகிற அந்த 'பாசிக்கால் லாஜாக்' வேடிக்கையைப் பெற்றோர் வேடிக்கையாக எண்ணக்கூடாது என்கிறோம். 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் விடியுமுன், ஜொகூர் பாருவில் அத்தகைய சைக்கிள்களில் இருந்த எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். நள்ளிரவில் பிள்ளையின் சைக்கிள் தாழ்வாரத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

செயினைப் பற்றிக் கடைவாசலில் நடக்கிற பேச்சில் பாதி சரி. எண்ணெய் வேண்டும், தேங்காய் எண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய்கள் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் கெட்டியாகும்; செம்மண் தூசி அதில் ஒட்டி அரம் போல் உள்ளே அராவும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயும் கூடாது. அதில் இரும்புப் பொடி கலந்திருக்கும், தோலுக்கும் கெடுதல். தையல் இயந்திரத்துக்கு விடுகிற மெல்லிய எண்ணெய் போதும். முதலில் பழைய துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினை அழுக்குப் போகத் துடைக்கவேண்டும். அடுப்புக்கும் பீடிக்கும் எட்ட இருந்து இதைச் செய்யுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, வெளியில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள்ளே இருக்கவேண்டும். வெளியே இருந்தால் மண்ணைக் கூப்பிடும்.

செயின் அடிக்கடி கழன்றால் அது நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஆணிகள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலை வாங்கி நீங்களே அளந்து பார்க்கலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து தொடங்கி 24 கண்ணி எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பன்னிரண்டுக்கு மேல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்றவேண்டிய காலம் கடந்துவிட்டது, பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அதில் பாதியளவு கூடும்போதே மாற்றினால் பல்சக்கரம் பிழைக்கும். பல்சக்கரத்தை விடச் செயின் மலிவு.

இன்னமும் சிறுதோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பால் உறையாமலிருக்கச் சேர்க்கிற அமோனியாவும், பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டும் சைக்கிளுக்கு ஆகாதவை. ஆசிட் இரும்பை அரிக்கும். சிந்திய இடத்தில் முலாம் போய்த் துரு ஏறும். அமோனியாவோ பித்தளைக்குப் பகை. இந்தியாவில் பிரிட்டிஷ் இராணுவத்தார் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் பித்தளைத் தோட்டாக்களை வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் உறைகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள். சக்கரக் கம்பிகளை வளையத்தில் இறுக்கிப் பிடிக்கிற சின்ன நிப்பிள்களும் பெரும்பாலும் பித்தளையே. எனவே வாளி தளும்பிச் சக்கரத்தில் பட்டால், வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

டயரைப் பற்றி நாம் நமக்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 1888-ல் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். முதலில் அதைத் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் செய்தாராம். மோட்டார் கார் பெருகும் முன்பே ரப்பருக்கு உலகில் கிராக்கி ஏற்றியது சைக்கிள் டயர். பின்னாளில் அவர் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கு நம் பஹாவ் பக்கத்திலேயே ஜெடஸ் தோட்டம் இருந்தது. நம்மவர் வெட்டிய பால் கடல் கடந்து போய், டயராகத் திரும்பி நம் கடைக்கே வந்தது.

டயர் இல்லாமலும் சைக்கிள் ஓடும் என்று காட்டியவர்கள் ஜப்பானியர்கள். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய அந்தப் படை சைக்கிளிலும் ஏறித் தெற்கே வந்தது. வெப்பத்திலும் சுமையிலும் டயர்கள் வெடித்தபோது வெறும் வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவது போல் கேட்டதாம். 1942 ஜனவரி 14-ஆம் நாள், கெமாஸுக்கு மேற்கே கெமஞ்சே பாலத்தில், துப்பாக்கிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த படையை ஆஸ்திரேலியர்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வளையம் கெட்டால் அவர்கள் வழியில் கண்ட வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. பஞ்சரானால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

செம்பனைக் காட்டில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் மட்டை முள்தான். ஒட்டுப்போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள்; முள் அங்கேயே ஒளிந்திருந்தால் புது ஒட்டும் ஒரு மைல்கூடத் தாங்காது. டியூபை உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகே ஒட்டுத் துண்டை அழுத்தவேண்டும். ஈரம் இருந்தால் பிடிக்காது. மங்கிலிருந்து பச்சைப் பாலைத் தொட்டு வைக்கிற வித்தை சூடேறியதும் உரிந்துபோகும்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். டயரில் உரசிச் சுழலும் டைனமோ மழையில் வழுக்கும், வெளிச்சம் மங்கும். கையில் ஒரு டார்ச்சு இருக்கட்டும். பின்னால் சிவப்புக் கண்ணாடி வில்லை இல்லாவிட்டால் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். வெள்ளைத் துணியாவது கட்டுங்கள்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. விடியலில் அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்து ஆயாக் கொட்டகைக்கும் பாலர் பள்ளிக்கும் கொண்டு போயிருக்கிறோம். குளிருக்குப் போர்த்திய துண்டின் முனையும், சேலை முந்தானையும், துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஏறுமுன் அவற்றை இழுத்துச் சொருகவேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளையின் தொங்குகிற கால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடுவது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் கம்பி வலையோ மெல்லிய பலகையோ கட்டி மறைத்து, கால் வைக்க ஒரு படியும் பொருத்திக் கொடுத்தால் இது நேராது. அதையும் மீறி நேர்ந்துவிட்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, சக்கரத்தை மெல்லப் பின்னோக்கிச் சுற்றுங்கள். வராவிட்டால் கம்பியை வெட்டுங்கள். குதிகாலில் தோல் மட்டும் உரிந்தாற்போல் இருக்கும். ஆனால் உள்ளே நசுங்கிய சதை இரண்டு மூன்று நாளில் கறுத்து அழுகக்கூடும். எனவே சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல் அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். டாக்டரிடம், கால் சக்கரத்தில் சிக்கியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.