தர்பூசணி விதையும் கொழுப்பு மாத்திரையும்

பாகூரில் என் பக்கத்து நிலத்துக்காரர் போன கோடையில் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். "தர்பூசணி விதை தின்னா போதும்னு செல்போன்ல வந்துச்சு சார்" என்றார். ரெண்டு மாசத்தில் ரத்தப் பரிசோதனை செய்தார். கெட்ட கொழுப்பு பழையபடி ஏறியிருந்தது. டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார்.

ஆனால் அவர் நம்பியதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடு நீக்கிய தர்பூசணிப் பருப்பு 100 கிராமில் சுமார் 47 கிராம் கொழுப்பு. அதில் நிறைவுற்ற கொழுப்பு 10 கிராம் அளவுதான். 28 கிராம் பன்மை நிறைவுறா கொழுப்பு, பெரும்பாலும் லினோலிக் அமிலம். இது ஒமேகா-6 வகை. நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். வெண்ணெய், பாமாயில், வனஸ்பதியைக் குறைத்து அந்த இடத்தில் இந்த மாதிரி கொழுப்பை வைத்தால் கெட்ட கொழுப்பு குறையும். அமெரிக்க இதய சங்கம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது.

'அந்த இடத்தில்' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தினம் சாயங்காலம் ரெண்டு போண்டா, கூடவே ஒரு பிடி விதை என்றால் எப்படி? 100 கிராம் பருப்பில் 557 கலோரி. பேங்கில் இருந்தவன் புத்தி, எனக்கு இது வரவாகத் தெரியவில்லை, செலவாகத்தான் தெரிகிறது. ஒமேகா-3 இதில் இல்லையென்றே சொல்லலாம். அதற்கு மத்தி மீனோ ஆளி விதையோதான்.

வில்லியனூர் சாலையோரம் பழத்தை வெட்டித் தின்று விதையைத் துப்பிவிட்டுப் போகிறோம். வடக்கே இதே பருப்பை 'மகஜ்' என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். கிர்ணி விதை, மளிகைக் கடை வெள்ளரி விதை எல்லாம் ஒரே குடும்பம்தான்.

வழவழப்புப் போக சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் காய வையுங்கள். மண்சட்டியில் இளம் சூட்டில் வறுத்தால் ஓடு சுலபமாக விடும். உரிப்பதற்குப் பொறுமை வேணும், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் நல்லது. கொஞ்சம் கொஞ்சமாக வறுங்கள். இந்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

விதைப்புக்கு வாங்கிய பாக்கெட்டில் மிச்சமிருக்கும் விதையை மட்டும் தொடாதீர்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறியிருப்பது பூசணக்கொல்லி மருந்து. கழுவினாலும் தின்னக்கூடாது.