கணக்கேட்டின் திறவுகோல்

கண்டக்குழிக் கரையில் கருவாடு உலர்த்தும் வாடியொன்றில் என் பழைய மாணாக்கன் ஒருவன் கணக்கெழுதுகின்றான். இலக்கணத்தில் அவனுக்கு யான் இட்ட புள்ளிகள் சொற்பம். எண்ணில் அவன் வல்லவன். மாலையில் அவ்வழியே உலவப் போகும்போது சிறிது நேரம் அவனோடு அளவளாவுவது என் வழக்கம்.

2022ஆம் ஆண்டு வைகாசியில் ஒருநாள் அவன் பெரிதும் சோர்ந்திருந்தான். “கணக்கைத் திறக்க முடியவில்லை, ஐயா” என்றான். வாடியின் பேரேடு முழுவதும் கடல்கடந்த நிறுவனமொன்றின் கணினியில் இருந்தது. அத்தகைய ஏற்பாட்டை ‘முகில்’ என்கின்றனர். அதற்கு மாதந்தோறும் டொலரில் வாடகை செலுத்தவேண்டும். அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டிற்று. வங்கி அட்டை வழியே வெளிநாட்டுக்குப் பணம் போகவில்லை; வாடகை தவறியதும் கதவு அடைபட்டது. புறக்கோட்டை வியாபாரிகள் தரவேண்டியது எவ்வளவு, மீனவர் பெற்ற முற்பணம் எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே கிடந்தன. முதலாளி நினைவைக்கொண்டு ஒரு தொகை சொன்னார். தாம் பெற்றது அவ்வளவன்று என்றார் ஒரு முதிய மீனவர். இருவரையும் யான் நெடுநாள் அறிவேன். இருவரும் பொய்யுரைப்பவர் அல்லர். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாகத் தேநீர் அருந்தியவர்கள் பின்னர்ப் பேசாதொழிந்தனர்.

சிறு வணிகர்க்கு மட்டுமே நேரும் இடர் அன்று இது. 2025 யூலை 18ஆம் நாள், குசராத்து மாநிலத்து வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. சில நாள்களில் மைக்ரோசொஃப்ட் அதற்கு வழங்கிவந்த மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. உரிய கட்டணம் செலுத்திப் பெற்ற சேவை எனக் கூறி நயாரா டில்லி உயர் நீதிமன்றத்தை நாடிற்று. அம்மாத இறுதியில் சேவை மீண்டது. வழக்காட வல்லவர்க்கு வழி பிறந்தது. வாடிக்காரர் எந்த மன்றத்தை நாடுவார்?

கட்டாரில் தொழில்புரியும் உறவினர் ஒருவரின் அட்டையால் வாடகை கட்டி, கணக்கனைத்தையும் வெளியே எடுத்தான் மாணாக்கன். பின்னர் வாடியிலிருந்த பழைய கணினியொன்றில் ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் மென்பொருளை நிறுவினான். மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் தம் குடும்பத்தாரின் தளபாட வணிகத்துக்கென எழுதத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது அது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கின்றது; எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்குங்கால் அதே உரிமையையும் உடன் வழங்கவேண்டும் என்பதே நிபந்தனை. 1983இல் அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தின் கொள்கை இது.

பண்டிதனாகிய எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் உரை கண்டார், நச்சினார்க்கினியரும் கண்டார். பின்னவர் முன்னவரை மறுத்தும் எழுதினார். யாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றனர்? ஏடு அவரவர் கையில் இருந்தது.

ஆயினும், விலையில்லை என்பதால் செலவுமில்லை என எண்ணலாகாது. இக்கரையின் உப்புக்காற்று இரும்பையே தின்றுவிடும், கணினி எம்மாத்திரம்? மின்வெட்டுக்கு மின்கலம் வேண்டும். மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிக்க ஆள் வேண்டும். நம் நாட்டின் அரச முகிலே 2023 ஆகஸ்டில் தீநிரலால் தாக்குண்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாதவாறு அழிந்தன. அங்கே இயங்கியதோ காலங்கடந்த மென்பொருள். அக்காலப் பகுதிக்குரிய படியும் வேறிடத்தில் இல்லை. சொந்த வீட்டில் இருந்த பொருளே இவ்வாறு போயிற்று. படியெடுக்கப்படாத சுவடியைக் கறையான் அரித்த கதையைத் தமிழாசிரியனுக்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை.

மாணாக்கனிடம் இதை உரைத்தபோது அவன் சிரித்தான். வாரந்தோறும் கணக்கின் படியொன்றைப் புத்தளம் நகரிலுள்ள தமக்கை வீட்டுக்கு அனுப்புகின்றானாம். “இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும், ஐயா” என்று தீப்பெட்டியளவான கருவியொன்றைச் சென்ற மாதம் என் கையில் தந்தான். என் பாட்டனாரின் ஏட்டுப்பெட்டியில் அதனை வைத்திருக்கின்றேன். முற்பண வழக்கும் ஒருவாறு தீர்ந்தது: மீனவர் சொன்ன தொகையே சரி. முதலாளி தாமே அவர் குடிசைக்குப் போய்ச் சொல்லிவந்தார்.