கனகாம்பரச் செடி வாங்கப் போகிறீர்களா? முதலில் காய் இருக்கிறதா என்று பாருங்கள்!

மல்லிகையை மாலையில் வைத்தால் மறுநாள் காலையில் பழுத்துவிடும். கனகாம்பரத்துக்கு வாசனை இல்லாவிட்டாலும் இரண்டு நாள் ஆனாலும் முகம் வாடாது. எடையும் இல்லாத பூ. ஒரு கிலோ நிறுக்க ஏறக்குறைய 15,000 பூக்கள் தேவைப்படும் என்றால் பறிக்கும் கூலியை யோசித்துப் பாருங்கள். முகூர்த்த நாளில் முழம் விலை ஏறாமல் என்ன செய்யும்? மாடியில் ஐந்தாறு தொட்டி இருந்தால், மல்லிகைக்கு நடுவே வைத்துக் கட்டும் அளவுக்காவது கைச்செலவு இல்லாமல் பூ கிடைக்கும்.

ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூ எல்லாம் கனகாம்பரத்தின் சொந்தக்காரர்கள்தான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாய்மண். கரும்பச்சையில் பளபளக்கும் இலை, நாலு பட்டையாக நிமிர்ந்து நிற்கும் பச்சைக் கதிர், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் மெல்லிய குழல். குழலின் நுனி ஒரே பக்கமாக விசிறிபோல விரியும். இவ்வளவும் இருந்தால் கனகாம்பரமேதான்.

ஆனால், எந்தக் கனகாம்பரம்? நர்சரியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ‘டெல்லி கனகாம்பரம்’ என்று விற்கப்படும் அடர் ஆரஞ்சு ரகத்தில் விதை பிடிக்காது. குரோமோசோம் தொகுதி இரண்டாக இல்லாமல் மூன்றாக இருப்பதால் வந்த மலட்டுத்தன்மை அது. விதைக்காகக் காத்திருந்தால் வருஷம்தான் போகும். நாட்டு ரகமோ கதிர் முழுக்கக் காய்க்கும். எனவே, பூத்து முடித்த பழைய கதிர்களைத் தடவிப் பாருங்கள். உள்ளே கெட்டியாகக் காய் தட்டுப்பட்டால் விதையில் வளர்க்கலாம். எல்லாக் கதிரும் வெறும் சக்கையாக இருந்தால் அநேகமாக டெல்லி ரகம், குச்சி வெட்டித்தான் பெருக்க வேண்டும். பூ நிறையப் பூப்பது டெல்லிதான் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

விதை எடுப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் ‘பட்’டென்று வெடித்து, உள்ளே இருக்கும் நாலு விதையும் தெறித்து ஓடிவிடும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்; விதை சேகரிப்பவருக்குத் திண்டாட்டம். பழுப்பேறிய கதிர்களை மழைக்கு முன்பே வெட்டி, மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். பக்கத்துத் தொட்டியில் தானாக முளைக்கும் குட்டிச் செடிகளும் இப்படித் தெறித்த விதைகள்தான்.

டெல்லி ரகத்தில் பூக்காத இளந்தண்டாக, நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த ஈர மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடித்த பிறகு தொட்டிக்கு மாற்றலாம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் பட்டால் போதும். தண்ணீர் தேங்கவே கூடாது. பூ கதிரின் அடியிலிருந்து மேலே மலர்ந்துகொண்டு போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பறியுங்கள். முடிந்த கதிரை அடியோடு கிள்ளினால் புதுக்கதிர் சீக்கிரம் வரும்.

நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்து குறைவு. உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

தண்ணீர் இருந்தும் செடி திடீரென்று தொங்கினால் விஷயம் வேறு. பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ முடிச்சு முடிச்சாக இருந்தாலோ நூற்புழுவும் வாடல் நோயும் சந்தேகத்துக்குரியவை. கனகாம்பரத்தை அதிகம் கொல்வது இந்த ஜோடிதான். மருந்து தேடி அலைவதைவிட அந்தச் செடியைத் தூக்கிப்போடுவது மேல். மற்ற தொட்டிகளுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். நோய் வந்த மண்ணில் மறுபடியும் கனகாம்பரம் வேண்டாம், ஒரு பருவம் செண்டுமல்லி வையுங்கள். நூற்புழுவுக்கு அந்த வேர் ஆகாது.